உப்பின் பங்காளி: லித்தியம் மாத்திரையைத் தவறில்லாமல் எடுப்பது எப்படி

இருமுனைக் கோளாறுக்கு, அதாவது பைபோலாருக்கு, லித்தியம் எழுதிக் கொடுத்ததும் ஒரு நீண்ட பட்டியலும் கூடவே வரும். வலி மாத்திரை போடாதே, உப்பைக் குறைக்காதே, வெயிலில் அலையாதே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடு. இதை மனப்பாடம் செய்தால் ஆறு மாதத்தில் பாதி மறந்துபோகும். ஒரே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பட்டியலே தேவைப்படாது: சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே இருப்பது லித்தியம். நாம் சாப்பிடும் உப்பில் உள்ள சோடியத்தின் பங்காளி என்றே வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது லித்தியமும் சேர்ந்து இறங்குகிறது. பிறகு, 'இது உப்பு, உடம்புக்கு வேண்டும்' என்று நினைத்து, வடிகட்டியதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிச்சம் ஒரு பங்குதான் சிறுநீரில் போகிறது. கல்லீரல் இதைத் தொடுவதில்லை. வெளியேற முக்கிய வழி சிறுநீரகம் ஒன்றே.

உடம்பில் உப்பு குறைந்தால் என்ன ஆகும்? சிறுநீரகம் பதறிப்போய் உப்பை இறுக்கிப் பிடிக்கும். லித்தியத்தையும் சேர்த்துப் பிடிக்கும். மாத்திரையின் எண்ணிக்கை மாறியிருக்காது, ரத்தத்தில் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பாடத்தை மருத்துவம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்றார்கள். ஏற்கெனவே உப்பைக் குறைத்தவர்களின் உடம்பு அதை வெளியே விடாமல் சேர்த்துக்கொண்டது. இறப்புகள் நேர்ந்தன, 1949-ல் சந்தையிலிருந்து அகற்றினார்கள். அதே 1949-ல்தான் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர், மேனியா, அதாவது மனம் மிதமிஞ்சிப் பொங்கிப் பரபரக்கும் நிலை, வந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். அவருடைய முதல் நோயாளி முதலில் நன்றாகக் குணமடைந்து, பிறகு 1950-ல் லித்தியம் நச்சால் இறந்துபோனார். ரத்தத்தில் அளவு பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு ஒப்புதல் கிடைக்க 1970 வரை ஆயிற்று.

மூளைக்குள் போடும் வேஷம் வேறு

சிறுநீரகத்தில் சோடியம் போல நடிக்கும் லித்தியம், செல்லுக்குள் நுழைந்ததும் மக்னீசியம் போல நடிக்கிறது. இரண்டு அயனிகளும் கிட்டத்தட்ட ஒரே பருமன். மக்னீசியம் உட்கார வேண்டிய இடத்தில் லித்தியம் உட்கார்ந்துகொள்வதால் சில நொதிகள் மந்தமாகின்றன. அவற்றில் இரண்டு முக்கியம்.

முதலாவது, இனோசிட்டால் என்ற சர்க்கரைப் பொருளை மறுசுழற்சி செய்யும் நொதி. நரம்புச் செல் செய்தி பெறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பொருள் செலவாகும், நொதி அதை மீட்டுத் தரும். லித்தியம் அந்த மீட்பைத் தடுக்கிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நொதி எவ்வளவுக்கு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறதோ, லித்தியத்தின் பிடியும் அவ்வளவு இறுகும். ஆகவே அளவுக்கு மீறி இரைச்சல் போடும் செல்லுக்குத்தான் கடிவாளம் அதிகம், சும்மா இருக்கும் செல்லுக்குக் குறைவு என்பது ஒரு விளக்கம். மேனியாவை அடக்கும் மருந்து சாதாரண நாளின் சந்தோஷத்தை ஏன் பறிப்பதில்லை என்பதற்கு இதைவிட அழகான விளக்கம் இல்லை. ஆனால் முழுக்கதையும் இதுவே என்று யாரும் சத்தியம் செய்வதில்லை.

இரண்டாவது, ஜி.எஸ்.கே-3 என்ற நொதி. 1996-ல்தான் லித்தியம் இதை அடக்குகிறது என்று கண்டார்கள். செல்லின் ஆயுள், நரம்பு இணைப்புகளின் வளர்ச்சி, உடம்பின் இரவு-பகல் கடிகாரம் மூன்றிலும் இதற்குக் கை உண்டு. பைபோலாரில் முதலில் தடம் புரள்வது பெரும்பாலும் தூக்கம் என்பதால் அந்தக் கடிகாரச் சங்கதி கவனிக்கத் தக்கது. இந்த மாற்றங்கள் மரபணுக்கள் வழியாக மெல்ல நடப்பவை. மேனியா தணிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை தூக்கத்துக்கும் பரபரப்புக்கும் வேறு மருந்து சேர்த்துத் தருவார்கள். நான்காம் நாள் 'இது வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டுவது அவசரம்.

மாத்திரையும் நேரமும்

இந்தியாவில் கிடைப்பது லித்தியம் கார்பனேட். சாதாரண மாத்திரை 300 மி.கி.; மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை 400 அல்லது 450 மி.கி. 300 மி.கி. மாத்திரையில் லித்தியம் மட்டும் பார்த்தால் சுமார் 56 மி.கி.தான், மீதி கார்பனேட்.

மருந்துக்கடையில் நடக்கும் தவறு இங்கேதான். '300 இல்லீங்க, 400 இருக்கு, தரட்டுமா?' என்பார்கள். மூன்று 300 என்றால் 900. இரண்டு 400 என்றால் 800, மூன்று 400 என்றால் 1200. அதோடு வகை மாறினால் கரையும் வேகமும் மாறும். மருத்துவரைக் கேட்காமல் வகையையோ பிராண்டையோ மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும். எஸ்.ஆர். மாத்திரையைப் பொடி பண்ணவோ மெல்லவோ கூடாது, மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும்.

முழு அளவையும் இரவிலேயே எடுக்கச் சொல்லும் மருத்துவர்கள் அதிகம். மறதி குறையும், பகலில் கை நடுக்கம் குறையும், சிறுநீரகத்துக்கும் கொஞ்சம் ஓய்வு. சாப்பிட்ட பிறகு எடுத்தால் குமட்டல் குறையும். இரவில் மறந்து காலையில் நினைவு வந்தால் அதை விட்டுவிடுங்கள். அன்றிரவு வழக்கமான அளவு போதும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

ரத்தப் பரிசோதனை: தப்பு நடக்கும் இடம்

பொதுவாக வேண்டிய அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். மேனியா தீவிரமாக இருக்கும்போதும், முன்பு நோய் அடிக்கடி திரும்ப வந்தவர்களுக்கும் 0.8 முதல் 1.0 வரை வைப்பார்கள். வயதானவர்களுக்கு இதைவிடக் குறைவு. 1.5-ஐத் தாண்டினால் நச்சு எல்லை. வேண்டிய அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவே இவ்வளவு சின்ன இடைவெளி உள்ள மருந்துகள் குறைவு. சில லேப்களில் மில்லி ஈக்விவலன்ட் என்று போடுவார்கள், லித்தியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான்.

இந்த எண்களெல்லாம் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். இரவு 9-க்கு மாத்திரை என்றால் காலை 9-க்கு ஊசி. அரை மணி முன்பின் ஆனால் பரவாயில்லை. நம் ஊரில் வழக்கமாக நடப்பது: இரவு 10 மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, சர்க்கரைப் பரிசோதனைக்குப் போவதுபோல 6 மணிக்கே வெறும் வயிற்றோடு லேபில் நிற்பார்கள். எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். மருத்துவர் அதை நம்பி மாத்திரையைக் குறைப்பார், இரண்டு மாதத்தில் மேனியா வந்து நிற்கும். லித்தியத்துக்கு வெறும் வயிறு தேவையில்லை, கடிகாரம்தான் தேவை. காலையிலும் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும். மாத்திரை போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ரத்தம் பிடிக்கும் குழாய். பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் தடவியிருக்கும். அதில் ஒரு வகை லித்தியம் ஹெப்பாரின். அந்தக் குழாயில் பிடித்தால், லித்தியமே சாப்பிடாதவருக்கும் லித்தியம் இருப்பதாகக் காட்டும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய் வேண்டும். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல் திடீரென்று 2, 3 என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த மூடிக் குழாயில எடுத்தீங்க?' அதே நாளில் சரியான குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை மாத்திரை போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் கழித்தே அளவு நிலைக்கும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. அளவை மாற்றிய ஒவ்வொரு முறையும் இதே ஒரு வாரக் கணக்கு. நிலைத்த பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு எல்லாம் சீராக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வயதானவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், லித்தியத்தின் அளவை மாற்றும் வேறு மருந்து எடுப்பவர்கள் மூன்று மாதக் கணக்கிலேயே தொடர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கால்சியம் மூன்றும் பார்ப்பது அவசியம். லித்தியம் தைராய்டைச் சோர்வடையச் செய்யும், அதன் பக்கத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிக் கால்சியத்தை ஏற்றும். தைராய்டு குறைவதும் மனச்சோர்வும் வெளியே ஒரே மாதிரி தெரியும். உடம்பு பருத்து, சோம்பலாக, எதிலும் ஈடுபாடில்லாமல் இருந்தால் நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டும் முன் டி.எஸ்.எச். பாருங்கள்.

உப்பு, தண்ணீர், வெயில்

உப்பை அதிகம் சாப்பிடச் சொல்லவில்லை, குறைவாகவும் சாப்பிடச் சொல்லவில்லை. நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. திடீரென்று டயட் என்று உப்பை நிறுத்தினால் லித்தியம் ஏறும். உப்பை ஏகத்துக்குக் கூட்டினால் இறங்கும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரம் கழித்து அளவு பாருங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். உப்பிலியப்பனுக்கு உப்பில்லா நிவேதனம் சரி, லித்தியம் எடுக்கும் பக்தருக்கு உப்பில்லா விரதம் சரிப்படாது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தண்ணீர் நாளுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர். கத்திரி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூடுதல். வியர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். அதனால் வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீர்மோரோ கஞ்சியோ மேல். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. போன உப்பை அது ஈடுகட்டாது. நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி, மாத்திரையை இரவு நேரத்துக்கு மாற்றி, இடையில் ஒருமுறை அளவு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாகமும் அடிக்கடி சிறுநீரும் லித்தியத்தின் வழக்கமான தொல்லை. சிறுநீரகக் குழாய்களில் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் சின்ன வாய்க்கால்களை லித்தியம் குறைத்துவிடுகிறது, தண்ணீர் அப்படியே வெளியேறுகிறது. தாகத்துக்கு ஜூஸும் கூல்டிரிங்க்ஸும் குடித்தால் எடை ஏறும். லித்தியத்தில் உடம்பு போட்டுவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு இந்தச் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு காரணம். இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ, அமிலோரைடு என்ற மாத்திரை சேர்த்தோ சரிசெய்வார்கள். ஆனால் தாகத்தை அடக்கித் தண்ணீரைக் குறைப்பது மட்டும் செய்யாதீர்கள்.

காபியும் கணக்கில் சேரும். காஃபீன் லித்தியத்தைச் சிறுநீரில் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். நாளுக்கு ஐந்து டம்ளர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் அளவு ஏறும்.

மெடிக்கல் ஷாப்பில் கை வைக்கக் கூடாதவை

மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப், மாதவிடாய் வலிக்கான மெஃபனமிக் அமிலம் எல்லாமே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து லித்தியத்தைத் தேக்கும். பாராசிட்டமால் பாதுகாப்பானது, 500 அல்லது 650 மி.கி. ஆனால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'அசெக்ளோஃபினாக் மற்றும் பாராசிட்டமால்' என்று இரண்டும் கலந்தது ஏராளம். பாராசிட்டமால் என்ற பெயர் கண்ணில் பட்டதும் சரி என்று வாங்கிவிடுகிறார்கள்.

ரத்த அழுத்த மாத்திரைகள் இன்னும் சிக்கல், ஏனென்றால் அவற்றைத் தினமும் எடுப்பார்கள். டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் லித்தியத்தை ஏற்றக்கூடியவை. சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் குளோர்தாலிடோனும் உப்பை வெளியே தள்ளும், லித்தியத்தை உள்ளே நிறுத்தும். பிராண்டுப் பெயரின் வாலில் 'எச்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்தது என்று பொருள். அம்லோடிபின் பொதுவாக லித்தியத்தோடு ஒத்துப்போகும். அழுத்தத்துக்குப் பார்க்கும் மருத்துவருக்கு நீங்கள் லித்தியம் எடுப்பது தெரியாமல் இருப்பதுதான் பெரும்பாலான நேரம் பிரச்சினை. மனநல மாத்திரையைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள், 'சிறுநீரகத்தைப் பாதிக்கும் லித்தியம் எடுக்கிறேன்' என்று மட்டும் சொன்னாலே போதும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டும் நேர்மாறாக லித்தியத்தை இறக்கலாம்.

பேதி, வாந்தி, காய்ச்சல்

இந்த நாட்கள்தான் உண்மையான ஆபத்து. உப்பும் தண்ணீரும் ஒன்றாகப் போகும், சிறுநீரகம் லித்தியத்தை இறுக்கிப் பிடிக்கும். 'உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்ய வேண்டும்' என்பதை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான நடைமுறை: தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியும் பேதியும் தொடர்ந்தால் அன்றைய லித்தியத்தை நிறுத்திவைத்து, உடனே மருத்துவரை அழைத்து, ரத்த அளவு பார்ப்பது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பேதிக்குக் கடையில் தரும் மெட்ரோனிடசோலும் லித்தியத்தை ஏற்றியதுண்டு, கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வாந்தியும் பேதியுமே லித்தியம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம் என்பது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கை நடுக்கத்தைக் கவனியுங்கள். லித்தியம் எடுப்பவர்களில் பலருக்கு மெல்லிய நடுக்கம் எப்போதும் இருக்கும். கையை நீட்டிப் புறங்கையில் ஒரு தாளை வைத்தால் ஓரம் லேசாகப் படபடக்கும், அது சாதாரணம். நச்சு ஏறும்போது நடுக்கம் பெரிதாகி, கரடுமுரடாகும். காபியை டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது நேற்றுவரை கோடு போல இறங்கியது இன்று மேசையில் கொட்டும். பேச்சு குழறும். நடக்கச் சொன்னால் குடித்தவர்போலக் காலை அகட்டி வைப்பார். கேட்டதையே திரும்பக் கேட்பார், மந்தமாக இருப்பார். வயிற்றுப்போக்கோடு இதில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டைகளையும் கடைசி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி மாத்திரை எப்போது என்பதைச் சொல்லுங்கள்.

பல வருடமாக எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் எண் 1.5 அளவில் இருக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம், எண் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷமுறிவுக்குக் கொடுக்கும் கரித்தூள் லித்தியத்தைப் பிடிக்காது. நரம்பு வழியாக உப்புநீர், கடுமையானால் டயாலிசிஸ், இவைதான் வழி. தாமதித்தால் நடையும் பேச்சும் நிரந்தரமாகத் தள்ளாடும்படி சிறுமூளை கெட்டுப்போவதுண்டு.

பைபோலாருக்கான மற்ற மருந்துகள், சுருக்கமாக

வால்ப்ரோயேட் மேனியாவுக்கு வேகமாக வேலை செய்யும், ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். லாமோட்ரிஜின் மனச்சோர்வு திரும்பாமல் தடுப்பதில் வல்லது. அதை ஏற்றும் வேகத்தில்தான் ஆபத்து இருக்கிறது: முதல் இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு 100, பிறகு 200. வால்ப்ரோயேட்டோடு சேர்த்தால் இதில் பாதி. அவசரப்பட்டு ஏற்றினால் தோல் உரிந்து உயிரையே குடிக்கும் ஒவ்வாமை வரலாம். தடிப்பு தெரிந்த அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு நாள் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராமல் மறுபடி முதல் அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கர்ப்பம் தெரிந்ததும் பயந்து லித்தியத்தைத் தூக்கி எறியாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்துக்குச் சிறிய அபாயம் உண்டு, தாய்க்கு நோய் திரும்பும் அபாயமும் உண்டு. இரண்டையும் எடைபோட்டு மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது அது. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் அளவு இறங்கும், பிரசவம் ஆனதும் சட்டென்று ஏறும்.

நிறுத்த வேண்டியிருந்தால்

'இப்ப நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?' இதைச் சொல்லாதவர்கள் குறைவு. லித்தியம் தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்கு நல்ல சான்று உண்டு. அதை ஒரே நாளில் நிறுத்தினால், மருந்தே எடுக்காதிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட வேகமாக மேனியா திரும்பலாம். நிறுத்த உண்மையான காரணம் இருந்தால், சிறுநீரகம் தளர்வது போல, குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நச்சு ஏறிய நேரம் மட்டும் விதிவிலக்கு.

குறைக்கும் காலத்தில் ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்றே விஷயம் எழுதினால் போதும்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை மாத்திரை. எழுதுவது கூட இருப்பவராக இருப்பது நல்லது, மேனியா ஏறும்போது நோயாளிக்குத் தான் அருமையாக இருப்பதாகவே தோன்றும். தொடர்ந்து இரண்டு இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியும் காலையில் களைப்பே இல்லை என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மனஸ் 14416 இரவிலும் எடுக்கும், தமிழிலும் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்தான பேச்சு வந்தால் தொலைபேசியோடு நிற்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு.